கட்டளை கொடுத்து விர்ச்சுவல் மெஷினை இயக்கலாம்

மணப்பாறையில் முறுக்கு வியாபாரம் செய்கிறீர்கள், கடைக் கணக்கு முழுவதும் விண்டோஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னை சி-டாக் 2007ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸைப் பழக ஆசை. கணக்கு அழிந்துவிடுமோ என்று பயம். விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவச புரோகிராமில் அதனை இன்ஸ்டால் செய்திடுங்கள். தனி கம்ப்யூட்டர் போல விண்டோஸுக்குள்ளேயே இயங்கும். அதன் ஹார்ட் டிஸ்க் வெறும் ஒரு பைல்தான்.

மெஷினுக்கு 'பாஸ்' எனப் பெயரிடுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, விர்ச்சுவல்பாக்ஸ் போல்டருக்குச் செல்லுங்கள். கட்டளைகளை ஆங்கில எழுத்துக்களில் டைப் செய்து என்டர் தட்டவும். எல்லாம் 'விபாக்ஸ்மேனேஜ்' என்றே தொடங்க வேண்டும். அடுத்து வருபவை:

1. லிஸ்ட் விஎம்ஸ்: மெஷின்களின் பெயர்களைக் காட்டும்.
2. ஸ்டார்ட்விஎம் பாஸ்: மெஷினை இயக்கும்.
3. ஸ்னாப்ஷாட் பாஸ் டேக் டெஸ்ட்: இப்போதுள்ள நிலையை 'டெஸ்ட்' என்ற பெயரில் பதியும்.
4. கன்ட்ரோல்விஎம் பாஸ் சேவ்ஸ்டேட்: அப்படியே சேமித்து நிறுத்தும். மீண்டும் இயக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.
5. ஸ்னாப்ஷாட் பாஸ் ரீஸ்டோர் டெஸ்ட்: பழைய நிலைக்குத் திருப்பும். மெஷின் இயங்காதபோது கொடுக்கவும்.

எச்சரிக்கை: சேவ்ஸ்டேட்டுக்குப் பதில் பவர்ஆஃப் கொடுத்தால், திடீரென கரண்ட் போனது போலத்தான், சேவ் செய்யாதது போய்விடும். ரீஸ்டோர் செய்தாலும், ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் மெஷினுக்குள் உருவாக்கிய பைல்கள் மறையும். முன்பே வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.