மனுவுக்குப் பக்க இலக்கம் இடுவோம்



1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களிற் பலர், சட்டி பானையை விட்டுவிட்டு வந்தாலும் காணி உறுதியை மாத்திரம் பையிற் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டுப் புறப்பட்டவர்களும் அப்படியே. அந்தப் பையில் இருந்தவற்றைத்தான் மனுவாகவும் போட்டோப் பிரதியாகவும் அலுவலகம் அலுவலகமாகக் கொடுத்துவருகிறோம். அந்தத் தாள்களுக்கு இலக்கம் இடுவது எப்படி என்பதே இம்முறைப் பாடம். சின்ன விடயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

எமது பணிமனைக்கு வந்த ஒரு குடும்பம் முன்னர் ஓர் அலுவலகத்துக்கு மனுக் கொடுத்திருந்தது. உறுதி, நில அளவை வரைபடம், சத்தியக்கடதாசி, விதானையாரின் கடிதம் என எல்லாமாக 23 தாள்கள். சில மாதங்களின் பின், "வரைபடம் இல்லையே" என்று பதில் வந்தது. கொடுத்தோம் என்று இவர்கள் சொல்ல, வரவில்லை என்று அவர்கள் சொல்ல, தீர்ப்பதற்கு வழியில்லை. தாள்களில் இலக்கம் இல்லை. கடிதத்திலும் "இணைப்புகள் உண்டு" என்று மட்டுமே இருந்தது. பழைய வரைபடத்தின் பிரதியைத் தேடி மீண்டும் அலைந்தார்கள். தாள் எங்கே விழுந்தது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது.

அவசரம் எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. 2025 மார்ச் 28 ஆந் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தலை நினைத்துப் பாருங்கள். வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும், இல்லாவிடில் அது அரச காணியாகும் என்றது அது. பலத்த எதிர்ப்பின் பின் ஜூன் மாதத்தில் அது மீளப்பெறப்பட்டது. ஆயினும் அந்த மூன்று மாதமும் எத்தனை வீடுகளிற் பெட்டியைத் திறந்து தாள் தேடினார்கள்!

பக்க இலக்கத்தின் பெறுமதி நம்மவர்களுக்குப் புதியதல்ல. காணிப் பதிவை நாம் இன்றும் "தோம்பு" என்கிறோம். போர்த்துக்கேயர் தந்த சொல் அது; ஒல்லாந்தரும் அந்த ஏடுகளைத் தொடர்ந்து எழுதினார்கள். இன்றைய காணிப் பதிவகத்திலும் அடிப்படை அதுவே. உங்கள் உறுதியில் உள்ள பதிவு முத்திரையைப் பாருங்கள்: ஓர் எழுத்து, ஓர் எண், சரிவான கோடு, இன்னோர் எண். அவை எந்தப் பிரிவு, எத்தனையாம் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்பதைச் சொல்கின்றன. ஒரு காணியின் விற்பனை, நன்கொடை, ஈடு யாவும் அதே பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஏறும். பக்கம் நிறைந்துவிட்டால் வேறு பக்கத்துக்குக் கொண்டுசெல்வார்கள்; எங்கே கொண்டுபோனோம் என்று பழைய பக்கத்திலும், எங்கிருந்து வந்தது என்று புதிய பக்கத்திலும் எழுதுவார்கள். உறுதி தொலைந்தவர்களுக்கு அந்த எண் தெரிந்திருந்தால் பதிவேட்டின் பிரதியைப் பெறுவது இலகு. எண் தெரியாவிட்டாலும் மனந்தளர வேண்டாம். நொத்தாரிசுகள் தாம் எழுதும் உறுதிகளின் இணைப்பிரதியை மாதந்தோறும் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டம். ஆகவே நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி ஆகியவற்றைக் கொண்டு கேட்கலாம்.

இனி மனுவுக்கு வருவோம். அதே குடும்பத்தின் 23 தாள்களையே உதாரணமாக எடுப்போம். மேலே முகப்புத் தாள் ஒன்று. அதற்கு இலக்கம் தேவையில்லை. உள்ளடக்கப் பட்டியல் பக்கம் 1, மனுக் கடிதம் 2, 3, சத்தியக்கடதாசி 4, 5. பக்கம் 6 முதல் 23 வரை போட்டோப் பிரதிகள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள். பட்டியலில் "வரைபடம் – பக்கம் 14" என்று எழுதப்பட்டிருந்தால், அது இல்லை என்று யாரும் இலேசாகச் சொல்லிவிட முடியாது.

தட்டச்சுச் செய்வது பெரும்பாலும் கொமினிகேசன் கடையில், அல்லது வீட்டுப் பிள்ளையின் கணினியில். பிள்ளையை அருகில் இருத்தி இதை வாசியுங்கள். வேர்ட் செயலியில் "இன்சேர்ட்" என்பதை அழுத்தி, "பேஜ் நம்பர்" என்பதில் இலக்கம் வரவேண்டிய இடத்தைத் தெரியுங்கள். வலது மேல் மூலையே நல்லது என்பது எமது எண்ணம். அடிப்பகுதி கையொப்பங்களாலும் முத்திரைகளாலும் நிறைந்துவிடும். இப்படி விட்டால் முகப்பே 1 ஆகிவிடும். ஆதலால் "டிஃபரன்ற் ஃபேஸ்ற் பேஜ்" என்ற கட்டத்திற் சரி அடையாளம் இடுங்கள். முகப்பில் இலக்கம் மறையும். பின்னர் "ஃபோர்மற் பேஜ் நம்பர்ஸ்" என்பதைத் திறந்து, "ஸ்ரார்ட் அற்" என்ற இடத்தில் 0 என்று கொடுங்கள். முகப்பு பூச்சியம், அதுவும் கண்ணுக்குத் தெரியாது. பட்டியல் 1 ஆகும்.

வரைபடத்தை ஸ்கான் செய்து கோப்புக்குள்ளேயே சேர்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. வரைபடம் அகலமானது, தாளைப் படுக்கையாகத் திருப்ப வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் "லேஅவுட்" இல் உள்ள "பிறேக்ஸ்" மூலம் "நெக்ஸ்ற் பேஜ்" என்ற பிரிவு முறிப்பை இடவேண்டும். ஒவ்வொரு முறிப்பும் ஒரு புதிய பகுதியைத் தொடக்குகிறது. சில வேளைகளில் அங்கே இலக்கம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும், அல்லது முகப்பிற்போல் மறைந்துவிடும். அந்தப் பகுதிக்குள் நின்று, முன்னைய பகுதியிலிருந்து தொடர்க எனப் பொருள்படும் "கன்ரினியூ ஃபுறொம் பிறீவியஸ் செக்ஷன்" என்பதைத் தெரிவுசெய்து, முதற்பக்கக் கட்டத்தின் சரி அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். ஒரு பகுதிக்கு மட்டும் வேறு விதமாக இலக்கம் வேண்டுமானால், உதாரணமாக "இணைப்பு அ – 1" என்று, முதலில் "லிங்க் ரு பிறீவியஸ்" என்ற இணைப்பை அறுக்க வேண்டும். அறுக்காமல் மாற்றினால் முன்னைய பகுதியும் சேர்ந்து மாறிவிடும். நாமும் இதில் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியிருக்கிறோம்.

ஆனால் அனேகரிடம் இருப்பது போட்டோப் பிரதிகள் மட்டுமே, கோப்பு அல்ல. அவற்றுக்குக் கையால் நீல மையில் இலக்கம் எழுதுவது முற்றாகப் போதும். அச்சில் வேண்டுமென்றால் ஒரு வழி: வெறும் 18 பக்கங்களைக் கொண்ட புதிய கோப்பை உருவாக்குங்கள், கன்ட்ரோல் விசையுடன் என்டரை 17 முறை அழுத்தினாற் சரி. அதில் "ஸ்ரார்ட் அற்" 6 என்று கொடுத்து, பிரதிகளை அச்சுப்பொறியில் ஒழுங்காக அடுக்கி அச்சிடுங்கள். கம்பிகளைக் கழற்றிவிட்டு, முதலில் ஒரு வெற்றுத் தாளிற் பரீட்சித்துப் பாருங்கள். மூல உறுதியை எக்காரணங்கொண்டும் அச்சுப்பொறிக்குட் போடாதீர்கள், அதன்மேல் எழுதவும் வேண்டாம்.

"பக்கம் 6 / 23" என்று மொத்தத்தையும் காட்டுவது மிக நல்லது. தாள் ஒன்று கழன்றால் உடனே தெரியும். ஆனால் இங்கேதான் கணினி ஏமாற்றும். மொத்தப் பக்கத்தைத் தானாகக் காட்டச் சொன்னால், தன்னிடம் உள்ள பக்கங்களை மட்டுமே அது எண்ணும். மேலே சொன்ன கோப்பில் "6 / 18" என்று வரும்; மனுக் கோப்பிலோ முகப்பையும் சேர்த்து எண்ணி "2 / 6" என்று வரும். பார்ப்பவர் இவை இரண்டு மனுக்கள் என்று நினைத்தாலும் குறைசொல்ல முடியாது. ஆகவே எல்லாத் தாள்களையும் மேசையில் அடுக்கி, இருவர் தனித்தனியே எண்ணி, 23 என்பதை நீங்களே தட்டச்சுச் செய்யுங்கள்.

கையளித்த பின் இலக்கத்தை மாற்ற வேண்டாம். பிறகு ஒரு தாள் கிடைத்தால், தோம்பில் செய்வதுபோலச் செய்யுங்கள்: முன்னைய மனுவின் திகதியைக் குறிப்பிட்டு, 24 இலிருந்து தொடருங்கள்.

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது எரேமியா இறைவாக்கினர் அனத்தோத்தில் ஒரு நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். முத்திரையிட்ட உறுதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுநாள் அழியாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கும்படி பாரூக்கிடம் சொன்னார். எங்கள் வீடுகளிலும் இரண்டு கட்டுகள் வேண்டும். மூலப் பத்திரங்கள் ஒன்று. கொடுத்த மனுவின், அதே இலக்கங்களுடன் கூடிய முழுப் பிரதி மற்றொன்று.

மனுவைக் கொடுக்கப் போகும்போது அந்தப் பிரதியையும் கொண்டுபோங்கள். அதன் முகப்பில் "பக்கம் 1 முதல் 23 வரை பெற்றுக்கொண்டேன்" என்று முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். அலுவலரிடம் மரியாதையாகக் கேட்டு, அதன் கீழே திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.