விளிம்பை நகலெடுக்கும் கத்தி

உங்கள் வீட்டு அலமாரிக் கதவின் ஓரத்தை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே இருப்பது பிளைவுட். அதன்மேல் ஒட்டியிருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மைக்கா. இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஆயினும் அவை சேரும் இடத்தில் விரலுக்கு ஒரு மேடோ பள்ளமோ தட்டுப்படுவதில்லை. இது எப்படி முடிகிறது?

ஆசாரி மைக்காவைப் பலகையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி ஒட்டுகிறார். பசை இறுகியபின், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 2 அல்லது 3 மில்லிமீட்டரை டிரிம்மர் என்னும் கைக்கருவியால் சீவி எடுக்கிறார். அக்கருவியில் சுழலும் சிறு கத்திக்கு 'பிட்' என்று பெயர். அதன் செயலில் அடங்கியுள்ள இயற்பியலைக் காண்போம்.

சுழலும் கத்தி, உருளும் வளையம்

பிட்டின் நுனியில் ஒரு சிறிய பேரிங் உண்டு. அதன் உள்வளையம் கத்தியோடு சேர்ந்து சுழலும். வெளிவளையமோ, பலகையின் ஓரத்தைத் தொட்டவுடன், அதன்மீது மெதுவாக உருண்டு செல்லும். வெளிவளையத்தின் விட்டமும் கத்தி வெட்டும் வட்டத்தின் விட்டமும் சமம். ஆகவே பேரிங் எந்த வழியில் செல்கிறதோ, அதே வழியில் கத்தியும் வெட்டுகிறது. கத்தி, பலகையின் விளிம்பை நகலெடுக்கிறது எனலாம்.

நகல் என்றால் குறையும் சேர்த்துத்தான். பலகையின் ஓரத்தில் ஒரு பள்ளமோ காய்ந்த பசைக்கட்டியோ இருந்தால் மைக்காவிலும் அதன் வடிவம் பதிந்துவிடும். பசை புகுந்து பேரிங் இறுகிப்போனால் வெளிவளையமும் கத்தியின் வேகத்தில் சுழன்று, ஓரத்தை உரசிக் கருக்கிவிடும். எனவே, வேலைக்குமுன் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பேரிங் தடையின்றிச் சுழல்கிறதா என்று விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு வேகம்?

நம் கோவை வட்டாரத் தோட்டங்களில் பம்புசெட்டைப் பார்த்திருப்பீர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் தூண்டல் மோட்டார் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகளைத் தாண்ட இயலாது. டிரிம்மர்கள் பலவற்றில் கார்பன் பிரஷும் கம்யூட்டேட்டரும் கொண்ட வேறு வகை மோட்டார் உள்ளது. அதற்கு இந்த வரம்பு இல்லை. அது நிமிடத்திற்குச் சுமார் 30,000 சுற்றுகள், அதாவது நொடிக்கு 500 சுற்றுகள் சுழலும்.

பிட்டின் விட்டம் 12.7 மி.மீ. என்று கொள்வோம். ஒரு சுற்றில் கத்திமுனை கடக்கும் தூரம் 3.14 × 12.7, அதாவது சுமார் 40 மி.மீ. நொடிக்கு 500 சுற்று எனில் 20 மீட்டர். இது மணிக்கு 72 கிலோமீட்டர்; நெடுஞ்சாலையில் விரையும் பேருந்தின் வேகம்! விட்டம் 50 மி.மீ. ஆனால் இதே சுழற்சியில் முனையின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பெரிய பிட்டைக் குறைந்த சுழற்சியில்தான் ஓட்டவேண்டும் என்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

பிட்டில் இரண்டு கத்திகள் இருந்தால் நொடிக்கு 1,000 வெட்டுகள் விழும். கருவியை நொடிக்கு 50 மி.மீ. நகர்த்தினால் ஒவ்வொரு வெட்டும் முன்னேறுவது 0.05 மி.மீ. மட்டுமே. நகர்த்தாமல் ஒரே இடத்தில் நிறுத்தினாலோ, கத்தி சீவுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்கும். தேய்ப்பினால் வெப்பம் உண்டாகி ஓரம் கருகும்.

எந்தத் திசையில் தள்ளுவது?

பம்பரம் விட்டிருக்கிறீர்களா? சுழலும் பம்பரம் சுவரைத் தொட்டதும் சுவரோரமாகச் சட்டென்று ஓடிவிடும். பம்பரம் சுவரை ஒரு பக்கம் தள்ள, சுவர் பம்பரத்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி.

பிட்டும் ஒரு பம்பரமே; பலகையின் ஓரமே சுவர். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் சுழலும் திசையில் சுழல்கிறது. பலகை உங்களுக்கு எதிரே இருக்க, உங்கள் பக்கத்து ஓரத்தைச் சீவுவதாகக் கொள்ளுங்கள். பலகையைத் தொடும் கத்திமுனை இடமிருந்து வலமாக ஓடும். எனவே பலகை கருவியை இடப்பக்கமாகத் தள்ளும். நீங்கள் கருவியை வலப்பக்கமாக நகர்த்தினால் அந்த எதிர்விசை உங்கள் கைக்கு எதிராக நின்று, கருவியைக் கட்டுக்குள் வைக்கும். மாறாக இடப்பக்கமாக நகர்த்தினால், உங்கள் கைவிசையோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். கருவி பம்பரம்போலப் பாய்ந்துவிடும். மைக்கா சிதறுவது மட்டுமன்று, விரலுக்கும் ஆபத்து.

ஆகவே, பலகையின் வெளி ஓரத்தைச் சுற்றி வரும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் செல்லவேண்டும். உள்ளே வெட்டிய துளையின் ஓரமானால் கடிகார முள்ளின் திசையில் செல்லவேண்டும்.

பிட்டைத் தேர்ந்தெடுத்தல்

1. மாதிரியாக அமையும் விளிம்பு கத்திக்குக் கீழே இருந்தால் நுனியில் பேரிங் உள்ள பிட் தேவை. மாதிரிப் பலகை மேலே இருந்தால் தண்டுப்பக்கம் பேரிங் உள்ளது தேவை.

2. மைக்காவில் உள்ள கடினமான பிசின் சாதாரண எஃகுக் கத்தியை விரைவில் மழுங்கச் செய்யும். டங்ஸ்டன் கார்பைடு முனையுள்ளதே நீடித்து உழைக்கும்.

3. 6 மி.மீ. தண்டும் கால் அங்குலத் தண்டும் ஒன்றல்ல. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. கால் அங்குலப் பிடிப்பானில் 6 மி.மீ. தண்டைப் பொருத்தினால் பிடி தளர்ந்து பிட் நழுவக்கூடும். நாம் கணக்கிட்ட பிட்டின் முனையில் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 6,000 மடங்குக்கும் மேல். அத்தகைய கத்தி கழன்றால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

இக்கருவியைப் பெரியவர் துணையின்றித் தொடவேண்டாம். கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து, இரு கைகளாலும் பிடித்தே இயக்கவேண்டும்.

செய்து பாருங்கள்: 20 மி.மீ. விட்டமுள்ள பிட் நிமிடத்திற்கு 24,000 முறை சுழன்றால் முனையின் வேகம் என்ன? (விடை: நொடிக்குச் சுமார் 25 மீட்டர்.)