வடக்கிருத்தலும் உண்ணாநோன்பும்: தன்னுயிர் ஈதலின் அறமும் அரசியற் பயனும்

அரசியற் கோரிக்கைக்காக உயிர்நீத்தோரைப் பற்றி எழுதுவோர் பலர் அச்செயலைச் சங்ககால வடக்கிருத்தலின் தொடர்ச்சியாகக் காட்டுவர். கோப்பெருஞ்சோழனிடம் தொடங்கும் மரபு விருதுநகர்ச் சங்கரலிங்கனாரிடம் வந்து நிற்பதாகக் கூறுவது மேடைப்பேச்சில் மட்டுமன்றி ஆய்வுரைகளிலும் வழக்காகிவிட்டது. இவ்வொப்புமை பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உணவை மறுத்தல் இரண்டற்கும் பொது. ஆனால் மறுப்பவர் யாரை நோக்கி மறுக்கிறார், அவர் இறந்தபின் அச்செயலின் பொருளை யார் வரையறுக்கிறார் என்னும் இரு வினாக்களை எழுப்பினால் ஒப்புமை தளர்கிறது.

வடக்கிருத்தல்

வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனொடு பொருது புறப்புண் நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததைப் புறநானூற்றின் 65, 66ஆம் பாடல்கள் காட்டுகின்றன. அவன் எவரிடமும் எதையும் கோரவில்லை. வென்றவன் மனம் மாறவேண்டும் என்பதும் அவன் கருத்தன்று. கோப்பெருஞ்சோழன் நிலை சற்று வேறானது. தன்னை எதிர்த்த மக்கள்மேல் போருக்கெழுந்த அவனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார் (213). பின்னர் அவன் வடக்கிருந்தான். இதனை மக்களுக்கு எதிரான அறப்போர் என்று கொள்ள இடமுண்டு எனச் சிலர் கருதக்கூடும். எனினும் மக்கள் மனந்திருந்தினரா என்பதை அவனது வடக்கிருத்தல் குறித்த பாடல்கள் பேசவில்லை. அவை பேசுவன பிசிராந்தையாரின் வருகையும் நட்பின் திண்மையும் எஞ்சியோரின் துயருமே. பயன் பற்றிய வினா அப்புலவர்களுக்கு எழவே இல்லை.

இங்குப் பொத்தியார் செய்தி தனிக் கவனத்திற்குரியது. உடன் உயிர்விட முனைந்த அவரை, மனைவி மகனைப் பெற்றபின் வருமாறு மன்னன் திருப்பியனுப்பினான். அவ்வாறே வந்து அவர் நடுகல்லிடம் இடம் கேட்பதை 222ஆம் பாடல் உணர்த்துகிறது. உயிர்விடும் உறுதியை மன்னன் போற்றுகிறான். ஆயினும் பிறக்கவுள்ள குழந்தைக்குரிய கடமையை அதற்கு முன் வைக்கிறான். இம்மரபை முன்மாதிரியாகக் காட்டுவோர் இவ்வொரு கூற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

திண்டுக்கல் சமவெளியின் இரு சான்றுகள்

வைகைப் படுகையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006இல் கண்டறிந்த தமிழ் பிராமி நடுகற்களுள் ஒன்று திண்டுக்கல் மாவட்டத் தாதப்பட்டியைச் சார்ந்தது. அக்கண்டுபிடிப்பில் இடம்பெற்ற புலிமான்கோம்பைக் கல் ஒன்று ஆகோள் பூசலில் பட்டவனுக்குரியது. பிறர் கையால் வீழ்ந்தவனுக்கும் தானே வடக்கிருந்தவனுக்கும் மரபு நடுகல்லையே தந்தது. நினைவுகூர்தலில் இவ்விருவரும் ஒன்றாயினர். பிற்காலத்தார் தன்னுயிர் ஈதலைப் போர்ச்சாவாகவே எண்ணியதற்கு இக்கலப்பும் ஒரு காரணம் எனலாம்.

மற்றொரு சான்று அதே சமவெளியில் சின்னாளப்பட்டியை அடுத்துள்ள காந்திகிராமம். 1947இல் அதனைச் சௌந்தரம் அம்மையாருடன் நிறுவிய கோ. இராமச்சந்திரன், சாந்திநிகேதன் மாணவராக 1924இல் தில்லியில் காந்தியடிகளைக் கண்டு உரையாடியவர். காந்தியடிகள் அப்போது இந்து முசுலிம் ஒற்றுமைக்காக மேற்கொண்ட 21 நாள் நோன்பிலிருந்து தேறிவந்தார். அவ்வுரையாடல் கலையையும் இயந்திரத்தையும் பற்றியது. நோன்பின் இலக்கணத்தை, அதே ஆண்டில் வைக்கம் போராட்டத்தை ஒட்டி, மதுரையில் வாழ்ந்த ஜார்ஜ் ஜோசப்புக்கு எழுதியபோது காந்தியடிகள் வகுத்தார். கொடுங்கோலனுக்கு எதிராக நோன்பிருத்தல் தகாது; அன்புடையாரைத் திருத்தவே அது உரியது; தந்தையின் தீயொழுக்கத்தை நீக்க மகன் நோன்பிருக்கலாம், சொத்தைப் பெற இருத்தலாகாது என்பது அதன் சாரம்.

இவ்வளவுகோலைக் காந்தியடிகளின் செயலுக்கே பொருத்தினால் இடர்ப்பாடு எழுகிறது. 1932 செப்டம்பரில் எரவாடாச் சிறையில் அவர் தொடங்கிய நோன்பு தனித்தொகுதி முறையைக் கைவிடுமாறு அம்பேத்கரை நெருக்கியது. அதனை வற்புறுத்தல் என்றே அம்பேத்கர் கண்டித்தார். அக்கண்டனம் வலுவானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. நோன்பாளி தன்னைத்தானே வருத்துவதாகக் கூறினும், அவர் இறந்தால் விளையும் பழி எதிர்த்தரப்பின்மேல், அதிலும் வலிமை குன்றிய எதிர்த்தரப்பின்மேல் வன்முறையாக இறங்கக்கூடும். வடக்கிருத்தலில் இத்தகைய எதிர்த்தரப்பே இல்லை.

சீராமுலுவும் சங்கரலிங்கனாரும்

பயன் பற்றிய ஆய்வுக்குப் பொட்டி சீராமுலு, சங்கரலிங்கனார் ஆகிய இருவரையும் அருகருகே வைத்துக் காண்பது தகும். இருவரும் காந்தியவழியினர்; இருவர் காலத்தும் ஆண்டது காங்கிரசே. 1952 அக்டோபர் 19இல் சென்னையில் தொடங்கிய சீராமுலுவின் நோன்பு 58ஆம் நாளில், டிசம்பர் 15 அன்று, அவர் உயிரோடு முடிந்தது. நான்கே நாளில் ஆந்திர மாநிலம் அமையும் எனப் பிரதமர் நேரு அறிவித்தார். சங்கரலிங்கனார் 1956 சூலை 27இல் விருதுநகரில் நோன்பு தொடங்கி அக்டோபர் 13இல் மதுரை மருத்துவமனையில் இறந்தார். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறுவதற்கு 1969 சனவரி 14 வரை, அதாவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல், காத்திருக்க நேர்ந்தது.

நோன்பின் கடுமையோ நீளமோ இவ்வேறுபாட்டை விளக்காது. நீண்ட நோன்பே உடனடிப் பயனற்றுப் போயிற்று. ஆந்திரக் கோரிக்கையைக் காங்கிரசின் மூவர் குழு 1949இலேயே கொள்கையளவில் ஏற்றிருந்தது. சென்னை நகரம் பற்றிய பிணக்கே தடையாக நின்றது. சீராமுலுவின் மறைவுக்குப்பின் தெலுங்கு மாவட்டங்களில் எழுந்த கொந்தளிப்பு காலத்தாழ்வை இயலாததாக்கியது. அப்போதும் சென்னை ஆந்திரர்க்குக் கிடைக்கவில்லை. பெயர்மாற்றக் கோரிக்கைக்கோ 1956இல் ஆளுங்கட்சிக்குள் ஆதரவு அரிது. 1957இல் சட்டமன்றத்தில் தி.மு.க. கொணர்ந்த தீர்மானம் தோற்றது. பூபேஷ் குப்தா மாநிலங்களவையில் கொணர்ந்த மசோதாவும் நிறைவேறவில்லை. 1967 சூலை 18இல் அண்ணா முதலமைச்சராக இருந்து தீர்மானத்தை நிறைவேற்றியபோது செயற்பட்டது தேர்தல் பெரும்பான்மை. நோன்பைக் கைவிடுமாறு சங்கரலிங்கனாரை நேரில் வேண்டியவரும் அவரே என்பதை மறத்தலாகாது.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. சங்கரலிங்கனார் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. தொடர்வண்டியில் அனைவர்க்கும் ஒரே வகுப்பு, ஆட்சித் தலைவர்கள் ஆடம்பரம் நீக்கி வாழ்தல், அரசு ஊழியர் கதர் உடுத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். பெயர்மாற்றம் அவற்றுள் ஒன்று. பொதுநினைவில் நிலைத்ததும் அவ்வொன்றே. உயிருடனிருப்பவர் தம் சொல்லைப் பிறர் சுருக்கும்போது மறுக்கலாம். எதைத் தள்ளி எதைக் கொள்வது என்று பேசித் தீர்க்கலாம். இறந்தவரின் கோரிக்கையிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்பவர் எஞ்சியிருப்போரே.

மீளவியலாச் செயல்

உண்ணாநோன்பு எதிர்த்தரப்புக்கும் நோன்பாளிக்கும் காலம் தருகிறது. மணிப்பூரின் இரோம் சர்மிளா, ஆயுதப்படைச் சிறப்பதிகாரச் சட்டத்தை எதிர்த்து 2000இல் தொடங்கிய நோன்பை 2016இல் தாமே முடித்துக்கொண்டார், கோரிக்கை நிறைவேறவில்லை. அம்முடிவைத் தோல்வியெனப் பழித்தவர் பலர். தம் செயலின் பொருளைத் தாமே வரையறுக்கும் உரிமையை அவர் இழக்கவில்லை என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

1964 சனவரி 25இல் திருச்சி தொடர்வண்டி நிலையத்தில் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி மொழிக்காக உயிர்துறந்ததும், 1965இல் தொடர்ந்த மரணங்களும் அத்தகைய கால இடைவெளி தராதவை. 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தை அம்மரணங்களின் விளைவாக மட்டும் காட்டுதல் பொருந்தாது. மாணவர் கிளர்ச்சி, துப்பாக்கிச்சூடுகள், நடுவணமைச்சர் சி. சுப்பிரமணியம், ஓ.வி. அளகேசன் ஆகியோரின் பதவிவிலகல் முடிவு, 1967 தேர்தல் ஆகிய அனைத்தும் அதன் பின்னணியில் உள்ளன. இறந்தோரின் துணிவைக் குறைத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அவர்களைப் போற்றும் நூல்கள் எஞ்சிய குடும்பங்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. சின்னச்சாமிக்கு மனைவியும் சிறு மகளும் இருந்தனர். பொத்தியாரைத் திருப்பியனுப்பிய மன்னனைப் போல அவரைத் திருப்பியனுப்ப அன்று எவரும் அருகில் இல்லை.