வாக்குரிமையும் நீதிமன்றமும்
(உயர் வகுப்பு மாணவர்க்குரிய குடியியற் பாடம்)

சட்டம் இயற்றுவது பாராளுமன்றம், நிறைவேற்றுவது அமைச்சரவை, பொருள் கூறுவது நீதிமன்றம். அடிப்படை உரிமைக்கு முரணான சட்டத்தை இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவிக்கலாம். இலங்கையில் 1978ஆம் ஆண்டு யாப்பின்படி, சட்டமூலத்தை அது நிறைவேறுமுன் மட்டுமே எதிர்க்கலாம். நாம் வாழும் நியூசிலாந்திலோ, 1990ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் நீதிபதிகளுக்கு அத்தகைய அதிகாரத்தை வழங்கவில்லை. அவ்வாறாயின் நீதிமன்றத்தால் யாது பயன்?

பதினாறு வயதினருக்கும் வாக்குரிமை வேண்டுமென 'மேக் இட் சிக்ஸ்டீன்' என்னும் இளைஞர் இயக்கம் வழக்குத் தொடுத்தது. கீழ்நிலை மன்றங்கள் இரண்டும் அதன் கோரிக்கையை ஏற்கவில்லை. 2022 நவம்பர் 21இல் உச்ச நீதிமன்றம், வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாக வைத்திருப்பது வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான உரிமைக்கு முரணானது என்றும், அதற்குத் தக்க நியாயம் காட்டப்படவில்லை என்றும் அறிவித்தது.

சட்டம் மாறவில்லை. ஆயினும், அவ்வாண்டில் நிறைவேறிய திருத்தத்தின்படி, அவ்வறிவிப்பைப் பாராளுமன்றம் ஆராயவும் அரசு விடையளிக்கவும் வேண்டியதாயிற்று. பொதுத்தேர்தல் வயதை மாற்ற 75 விழுக்காடு உறுப்பினரின் ஆதரவோ பொதுவாக்கெடுப்போ தேவை. உள்ளூராட்சித் தேர்தலுக்கென 2023இல் கொணரப்பட்ட சட்டமூலமும் 2024இல் கைவிடப்பட்டது.

எனவே, இந்நாட்டில் நீதிமன்றம் குறையைச் சுட்டிக்காட்டும். அதனைத் திருத்துவோர் மக்களின் பிரதிநிதிகளே. அவர்களைத் தெரிவு செய்வது நம் வாக்கு. குடியுரிமை பெறாத நிரந்தர வதிவாளருக்கும் 1975 முதல் அவ்வுரிமை உண்டென்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்வாராக.

சிந்திக்க:
1. இறுதிச் சொல் நீதிபதிக்கா, பாராளுமன்றத்துக்கா உரியது?
2. வாக்கில்லாத சிறுபான்மையினரின் உரிமையை யார் காப்பர்?