கனவுக்கு வித்திடும் வீடு

கேள்வி: முஸ்லிம் பிள்ளைகளின் உயர்கல்வி ஆசையைக் குடும்பச் சூழல் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது?
– வாசகர், வாலாஜாபாத்

பதில்: பெற்றோரின் படிப்பு, வருமானம், தொழில், வீட்டில் மூத்தவர் எட்டிய வகுப்பு ஆகியவை பிள்ளையின் இலக்கைப் பெரிதும் வடிவமைக்கின்றன. 2001 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம், நாட்டின் சராசரி 65.1. இதைச் சுட்டிய, முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு (2006), பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் சுமார் 3 சதவீதத்தினரே மதரஸாவில் பயில்வதாகவும் கண்டறிந்தது. எனவே பின்னடைவை மதரஸாவின் தலையில் கட்டுவது தவறு. பணநெருக்கடியே பெரிய தடை.

பத்தாம் வகுப்பு முடித்த பையன் தந்தையின் கடையில் கல்லாவில் உட்கார்ந்தால் அன்றே வருமானம் வரும். பட்டத்தின் பலனுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பெண் பிள்ளைக்குக் கல்லூரியின் தொலைவும் திருமணப் பேச்சும் குறுக்கே நிற்கும். அக்கா பட்டதாரியானால் தங்கையின் வழி எளிதாகிறது.

வெளி ஆதரவு வீட்டின் முடிவை மாற்றும். நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955-இல் சென்னையில் மகளிர் கல்லூரி தொடங்கினார். 2007-இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு தந்தது. இதைப் பெறச் சாதிச் சான்றிதழ் அவசியம். பெற்றோர் அதை முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும்.