மரை கழன்ற நம்பிக்கைகள்

எங்கள் வேனுக்கு வயது இருபதுக்கு மேல். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கையும் அடுப்பு மேடையும் போட்டு, வருஷத்துக்கு நாலு பயணம் போய்வருகிறோம். மற்ற நாளெல்லாம் தூத்துக்குடியில் வீட்டு வாசலில் கடல்காற்று வாங்கிக்கொண்டு நிற்கும். எஞ்சின் இன்றும் ஒரே சாவியில் உறுமுகிறது. தொல்லை தருவதெல்லாம் பக்கத் தகடுகளைப் பிடித்திருக்கும் திருகுகள்தான். போன மாதம் பட்டறையில் ஒன்றைக் கழற்றினோம். திருகு பளபளவென்று வந்தது. துளையைச் சுற்றி அலுமினியத் தகடு பல்பொடி மாதிரி உதிர்ந்தது. "துரு இல்ல அண்ணாச்சி, தகடு பூத்துப்போச்சு" என்றார் மெக்கானிக். இதுபற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பது நிறைய. அதில் சரியானது கொஞ்சம்.

நம்பிக்கை 1: உப்பு காய்ந்துவிட்டால் ஒன்றும் செய்யாது.

உண்மை: நம் ஊரில் அது முழுசாகக் காய்ந்தால்தானே! சுத்தமான சோடியம் குளோரைடே, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் நீர் கோத்துக்கொள்ளும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஜாடியில் கல்லுப்பு நசநசப்பது இதனால்தான். அதே நசநசப்பு திருகுத் தலைக்கு அடியிலும் தங்குகிறது. உப்பளப் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்; கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை மட்டுமல்லாமல், தகட்டின் கீழ் மடிப்பையும் சக்கர வளைவையும் சேர்த்து. மடிப்பிலுள்ள வடிகால் துளையில் மண் அடைத்திருந்தால் குத்திவிடுங்கள்.

நம்பிக்கை 2: எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) திருகு போட்டால் கவலை விட்டது.

உண்மை: திருகு பிழைக்கும், தகடு மாட்டிக்கொள்ளும். இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, மேலே உப்புநீர் படிந்தால் அதுவே ஒரு பேட்டரி. எஸ்.எஸ்ஸோடு சேர்ந்த அலுமினியம்தான் அதில் கரையும். இது பழைய பாடம்: பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடித்தது. 1763-இல் பார்த்தபோது, அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. சில மட்டும் தப்பின. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் பிரிக்கப்படாமல், ஆணிக்கும் செம்புக்கும் நடுவில் சிக்கிக் கிடந்திருக்கிறது! அந்தக் காகிதத்தின் வேலையை இன்று நைலான் வாஷரும் சீலன்ட்டும் செய்யும். எஸ்.எஸ். வாங்கும்போதும் ரகம் கேளுங்கள்: 304 கடலோரத்தில் புள்ளி புள்ளியாகக் கறைபடும், மாலிப்டினம் கலந்த 316 கூடுதலாகத் தாங்கும்.

நம்பிக்கை 3: இறுக்க இறுக்கத்தான் பிடிப்பு.

உண்மை: மெல்லிய தகட்டில் திருகுக்குக் கிடைக்கும் பிடி ஒன்றிரண்டு மரைதான். வாஷர் பிதுங்கும் மட்டும் முறுக்கினால் மரை போய், திருகு சும்மா சுற்றும். கிரீஸ் தடவிய மரையில் உரசல் குறைவு. பழைய பலத்தையே போட்டால் இறுக்கம் மிஞ்சிவிடும், கையை அடக்குங்கள். மரை போன துளைக்குத் தடித்த திருகு ஒருமுறை கைகொடுக்கும். அடுத்த முறை அலுமினிய ரிவெட் நட் அடித்துப் புது மரை உண்டாக்குவதே வழி.

நம்பிக்கை 4: ஸ்ப்ரே அடித்தால் போதும்.

உண்மை: எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூ.டி.-40, அமெரிக்காவில் 1953-இல் உருவானது. நீரை விலக்கும் 40-ஆவது கலவை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். நீரை விரட்டும், சிக்கியதை இளக்கும். ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது; கடல்காற்றில் நெடுநாள் நிற்காது. இறுகிப்போன திருகுக்கு அதை அடித்து ஊறவிடுங்கள். முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். எடுத்ததும் தலையை உடைக்கும் அவசரம் வேண்டாம். வெளியே வந்த மரையை நைலான் பிரஷால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினால்தான் வேலை முடிந்தது.

எல்லாத் திருகையும் ஒரே நாளில் கழற்றிப்போட வேண்டாம். தகடு நகர்ந்து, துளைக்குத் துளை சேராது. ஒன்றைக் கழற்றி, துடைத்து, மாட்டிய பிறகு அடுத்தது. ஞாயிறுக்கு ஒரு வரிசை என்று நான் செய்துகொண்டிருக்கிறேன். இந்தக் கிழட்டு வேனைக் கட்டி அழுகிறானே, மரை கழண்டவன் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. வேனில் ஒன்றும் கழலவில்லை என்று இனி தைரியமாகச் சொல்லலாம்.