டபுள் பேஸின் வயிற்றுக்குள் ஓர் உயிர்

கேள்வி: பழைய டபுள் பேஸ் ஒன்று வாங்கினேன். நான்கு தந்திகளையும் கழற்றித் துடைத்தபோது உள்ளே ஒரு குச்சி விழுந்து உருண்டது. ஒட்டாமலே விட்டிருக்கிறார்கள். செய்தவரின் கவனக்குறைவா?
– இசை மாணவர், நாகர்கோவில்

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். அந்தக் குச்சி மறுபடி நிற்கும்வரை தந்திகளை ஏற்றி முறுக்காதீர்கள். மேல்பலகை அமிழ்ந்து விரிசல் விடும்.

கவனக்குறைவு இல்லை. அதை யாருமே ஒட்டுவதில்லை. மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே, தந்திகளைத் தாங்கும் குதிரையின் மெல்லிய தந்திப் பக்கத்துக் காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் ஸ்ப்ரூஸ் மரத் தூண் அது. தந்திகள் குதிரையை அழுத்துகின்றன, குதிரை பலகையை அழுத்துகிறது; அந்தப் பிடியில்தான் தூண் நிற்கிறது. நான்கு தந்தியும் ஒரே நேரத்தில் தளர்ந்தால் பிடி விட்டுப்போகும். அதனால்தான் ஒன்றைக் கழற்றி, புதியதை ஏற்றிச் சுருதி சேர்த்தபின் அடுத்ததைத் தொட வேண்டும்.

இத்தாலியில் இதற்கு ‘அனிமா’ என்று பெயர். பிரான்சில் ‘ஆம்’, ஸ்பெயினில் ‘அல்மா’. மூன்றுக்கும் உயிர், ஆன்மா என்றே பொருள். மேலைக் கருவிகளைச் செய்யக் கற்ற ஜப்பானியர்களும் ‘ஆன்மத் தூண்’ என்றே பொருள்படும் ‘கொன்ச்சூ’ என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள். ஜெர்மானியருக்கு அது குரல் கோல். பெயர் வைத்தவர்கள் மிகைப்படுத்தவில்லை. தூண் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நாதம் மாறுவது காதுக்குத் தெரியும். எஃப் வடிவத் துளை வழியாக வளைந்த இரும்புக் கருவியை விட்டு அதை நிறுத்துவது கை பழகியவர் வேலை. வயலின் பழுதுபார்ப்பவரிடமே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தேவாலயத்து பேஸில் விளிம்பு பிரிந்து வாய் திறந்திருக்கிறது. தச்சர்களின் வெள்ளைப் பசை போட்டு இறுக்கிவிடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வேண்டவே வேண்டாம். விளிம்பு பிரிந்ததுதான் அந்தக் கருவியைக் காப்பாற்றியிருக்கிறது.

மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். அதுவும் ரேகைக்குக் குறுக்கே. நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. இரண்டடிக்கு மேல் அகலமுள்ள பலகைக்கு இந்த அசைவு பெரிய சோதனை. விளிம்பை அசையாதபடி பிடித்துவைத்தால் பலகை நடுவில் பிளக்கும். பிளவைச் சரிசெய்ய மாதங்கள் ஆகலாம். விளிம்பை மறுபடி ஒட்ட ஒரு நாள் போதும். இதை அறிந்துதான் கைவினைஞர்கள் பலகையைவிட முதலில் விட்டுக்கொடுக்கும் பசையைத் தேர்ந்தார்கள். நம் பழைய தச்சர்கள் வச்சிரம் என்று சொன்ன, தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசைதான் அது. எகிப்தியத் தச்சர்கள் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கொண்டு மரச்சாமான் செய்தார்கள். வெந்நீரும் சூடும் பட்டால் இளகும், பழைய பசை மேலேயே புதியது பிடிக்கும். வெள்ளைப் பசையோ மரத்துளைகளில் ஊறிவிடும். அடுத்த முறை திறக்க வேண்டி வந்தால் மரமும் சேர்ந்து பிய்யும்.

காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், சட்டென மாறாமல் இருப்பது. ஏசி அறையிலிருந்து நேரே வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டிக்குக் ‘கோலஃபனி’ என்ற பெயர் ஏன்?
– வாசகி, திருச்சி

பதில்: ஊர்ப் பெயர். இன்றைய துருக்கியில், இஸ்மிருக்குத் தெற்கே இருந்த கோலஃபோன் என்ற பண்டைய கிரேக்க நகரத்தின் பிசின் பேர்பெற்றது. பைன் மரப் பாலைக் காய்ச்சி டர்பன்டைனைப் பிரித்தெடுத்தபின் அடியில் தங்குவதுதான் ரோசின்.

டபுள் பேஸின் தடித்த தந்தியை அசைக்க வயலினுக்கானதைவிட மென்மையான, அதிகம் ஒட்டும் வகை தேவை. வெயில் காலத்தில் அது பாகுபோல் வழியும் என்பதால் டப்பாவிலேயே நிமிர்த்தி வையுங்கள். வாசித்து முடித்ததும் பலகை மேல் உதிர்ந்த வெள்ளைத் தூளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டால் வார்னிஷோடு இறுகிவிடும். அப்புறம் அதை எடுக்க ஸ்பிரிட் தொட்டீர்கள் என்றால் தூளோடு வார்னிஷும் கரைந்து வரும்.